சாதாக் கண்ணாடி

"அண்ணன் படுத்துக்கிட்டேதான் பாப்பாரு. அவர் கண்ணுக்கு நல்லாத் தெரியணும்" என்று சொல்லிவிட்டு, சுருட்டிக் கொண்டுவந்த படத்தை மேசைமேல் விரித்தாள் தங்கை.

படத்துக்குச் சட்டம் போடுகிற கடைக்காரர் நாலு மூலையிலும் எடை வைத்தார். செம்புத் தகட்டில் செதுக்கி அச்செடுத்த பழைய படம் அது. மேலே எக்காளம் ஊதும் தேவதூதர்கள், நடுவில் தராசு, கீழே பாவிகளை விழுங்க வாயைப் பிளந்த ஒரு பெரிய மிருகம்.

"நியாயத்தீர்ப்பு நாளா? நோயாளி ரூம்ல மாட்டுற படமாக்கா இது?"

"அவரே கேட்டாரு. எங்கம்மா வச்சிருந்த படம்."

எத்தனை தடவை பார்த்தாலும் அவளுக்கு அலுக்காத படம். தூதர்களில் கடைசி ஆள் ஊதவே மாட்டான். எக்காளத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, கீழே யார் மாட்டினார்கள் என்று எட்டிப் பார்ப்பான். மிருகத்தின் வாய் மட்டும் விரித்த கை இரண்டு அகலம். கோட்டின்மேல் கோடு, குறுக்கே கோடு என்று கீறிக் கீறியே அந்தக் கறுப்பைக் கொண்டுவந்திருந்தான் செதுக்கியவன். எவன்மேல் அவனுக்கு அத்தனை ஆத்திரமோ என்று நினைத்துக்கொள்வாள்.

இவ்வளவு கறுப்பான படத்துக்கு மங்கல் கண்ணாடிதான் சரி, சாதாக் கண்ணாடி போட்டால் பளபளவென்று கண்ணில் அடிக்கும் என்றார் கடைக்காரர்.

"பரவால்ல, சாதாவே போடுங்க. நல்லாத் துடைச்சுப் போடுங்க."

அண்ணன் அவளுக்குச் செய்தது சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். அவர் பார்த்த மாப்பிள்ளையை வேண்டாம் என்று, பிடித்தவனைக் கட்டிக்கொண்ட குற்றத்துக்காக வாசப்படி மிதிக்கக் கூடாது என்றார். அம்மா படுத்த படுக்கையாகி மகள் பெயரையே முனகிக்கொண்டு கிடந்தபோதும் சொல்லி அனுப்பவில்லை. அடக்கமெல்லாம் முடிந்த பிறகுதான் தகவல் வந்தது. அம்மா முகத்தைக் கடைசியாக ஒரு தடவை பார்க்கக்கூட அவளுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

வீட்டில் யாருக்கும் வேண்டாம் என்று அண்ணி பிறகு அனுப்பிவைத்த இந்தப் படம்தான் மிச்சம். அது நடந்து அவளுக்குத் தலையும் நரைத்துவிட்டது.

இப்போது அண்ணனுக்குப் பக்கவாதம். கழுத்தைத் திருப்ப முடியாது. எதிர்ச் சுவர்தான் அவருக்கு உலகம். அம்மா படத்தை மாட்டித் தரமுடியுமா என்று அண்ணி போனில் தயங்கித் தயங்கிக் கேட்டதும், தங்கை உடனே சரி என்றாள். என்ன இருந்தாலும் பெரிய மனசு என்று சொந்தம் முழுக்க அவளைக் கொண்டாடியது.

கதவைத் திறந்த அண்ணி ஓர் அடி பின்வாங்கினாள். "திக்குனு ஆயிடுச்சு. உங்கம்மாவே வந்து நிக்கிற மாதிரி இருக்கு."

"வயசாச்சில்ல அண்ணி" என்று அவளைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனாள் தங்கை.

படத்தை மாட்டக் கடைக்காரரே வந்திருந்தார். தங்கை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அண்ணன் தலையணையோடு தன் தலையையும் சாய்த்துப் பார்த்து, கொஞ்சம் மேலே, இல்லை கீழே, இன்னும் ஒரு விரல் இடது பக்கம் என்று கடைக்காரரைப் படுத்தி எடுத்தாள். ஆணியை இரண்டு தடவை பிடுங்கி அடிக்க வேண்டியிருந்தது.

"மாப்பிள்ளை பாக்கும்போது இந்த நிதானம் இருந்திருக்கலாம்" என்றாள் அண்ணி. எல்லோருக்கும் முன்னால் தங்கைதான் சிரித்தாள்.

கடைக்காரரை அனுப்பிவைக்க அண்ணி வாசலுக்குப் போனாள். தங்கை எழுந்து ஜன்னல் திரையை முழுவதும் விலக்கினாள். வெளிச்சம் நேராக அண்ணன் முகத்தில் விழுந்தது. திரும்பி வந்து, அவர் காதோரம் குனிந்தாள்.

"படம் தெரியுதாண்ணே? கீழ, வாயைப் பொளந்துக்கிட்டு இருக்குல்ல. அதுக்குள்ள யாரு இருக்காங்கன்னு பாரு."

கறுப்பில் கண்ணாடி அவர் முகத்தை வாங்கி வைத்திருந்தது. மேலும் கீழும் மிருகத்தின் பல், நடுவில் தலையணையோடு அண்ணன்.

"நீதான். கழுத்தையும் திருப்ப முடியாது உன்னால. விடிஞ்சா அடைஞ்சா அதுக்குள்ளயே கெட."

அவர் பயந்து கண்ணை மூடுவதைப் பார்க்கத்தான் இத்தனை வருடம் காத்திருந்தாள். அவர் மூடவில்லை. கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தார். பார்வை அதைத் தாண்டிச் சற்று மேலே, கண்ணாடிக்குள் குனிந்திருந்த நரைத்த தலைக்குப் போய், அங்கேயே நின்றது. கோணிப்போன வாய் ஒரு பக்கமாக மெல்லச் சிரித்தது.

"பாப்பா... அம்மா முகம் தெரியுது."