பச்சை லேபிள்

பழைய நாணயங்களைத் தரம் பார்த்து, கண்ணாடிப் பெட்டியில் அடைத்து, லேபிள் ஒட்டித் தரும் கம்பெனி அது. போனை எடுத்த பெண் வணக்கம் சொல்வதற்குள் நாணயம் சேர்க்கும் வாடிக்கையாளர் ஒருவர் பொரிந்து தள்ளினார்.

“என் அலமாரி முழுக்க நீல லேபிள். இப்ப வந்தது மட்டும் பச்சை! யாரைக் கேட்டு மாத்தினீங்க?”

“சார், அது வந்து...”

“குறுக்கே பேசாதம்மா! எழுத்து வேற எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. என்ன எழுதியிருக்குன்னே தெரியல. பார்க்கப் பார்க்க வயிறு எரியுது!”

“நாணயத்துல ஏதாவது குறையா சார்?”

“அதுல என்ன குறை? அது ஜம்முனு இருக்கு. உங்க லேபிள்தான் விளங்கல!”

மேஜையில் கிடந்த பெட்டியை மனைவி எடுத்துப் பார்த்தாள். “என்னங்க, இதுல...”

“நீ சும்மா இரு!”

போனில் அந்தப் பெண் பெருமூச்சு விட்டாள். “சார், உங்க நாணயம் இன்னும் எங்ககிட்டதான் இருக்கு. புது லேபிள் பிடிச்சிருக்கான்னு கேட்க, மாதிரிக்கு வெறும் பெட்டியைத்தான் அனுப்பினோம்.”

அவர் திரும்பிப் பார்த்தார். நாணயம் இருக்கவேண்டிய வட்டத்துக்குள் மனைவியின் விரல்தான் தெரிந்தது.

பிறகு போனில் முன்னைவிடச் சத்தமாகக் கத்தினார்.

“வெறும் பெட்டிக்கே இவ்வளவு அசிங்கமான லேபிளா?”