தேறியவர்

எந்த ஊர் என்று எனக்குச் சரியாக நினைவில்லை. ஆள் மட்டும் மறக்கவில்லை. ஓய்வுபெற்ற மேலாளர் பரஞ்சோதிக்கு, முதியோர் டேப்லெட் வகுப்பில் எல்லோரும் மண்டூகங்கள். வகுப்புத் தேர்வில் இன்னும் தேறாதவர்களின் பிள்ளைகளுக்கு, வீட்டுக்கு வந்து சொல்லித்தர வாரம் ஒருநாள் விடுப்பை அரசாங்கமே கொடுத்தது. பரஞ்சோதியின் மகள் இளவேனிலும் வியாழன்தோறும் மீன்குழம்போடு வந்துபோனாள்.

தேர்வில், பக்கத்திலிருந்த மரகதவல்லி வேண்டுமென்றே தப்பான பொத்தானை அழுத்தினார்.

“அண்ணே, தேறித் தொலைச்சிராதீங்க. அப்புறம் மக வர மாட்டா.”

“மண்டையில ஏறலைன்னு சொல்லும்மா. அதுக்கு இப்படி ஒரு சாக்கா?” என்று சிரித்துவிட்டு, பரஞ்சோதி முதல் ஆளாகத் தேறினார்.

“சூப்பர்ப்பா!” என்று இளவேனில் திரையில் கைதட்டினாள்.

மரகதவல்லி இன்னும் தேறவில்லை. அவருடைய மகன் வாராவாரம் வருகிறான். இளவேனில் அதன்பிறகு வரவில்லை. பரஞ்சோதி வியாழக்கிழமைகளில் டேப்லெட்டிலேயே மீன்குழம்பு வரவழைத்துக்கொள்கிறார், ஒரு பொத்தான்கூடத் தவறாமல்.