முதல் வாரத்து வேலை

"அனுப்பாதே ஜூடி!"

தேவராஜ் பாய்ந்து வந்து மனைவியின் கையிலிருந்த போனைப் பிடுங்கினான். 'சம்மதம்' என்று அவள் அடித்து வைத்திருந்த பதில் இன்னும் போகவில்லை. ஆறு மணிக்குள் முடிவு சொல்ல வேண்டும். மணி ஆறை நெருங்கிக்கொண்டிருந்தது.

அவர்கள் குடியிருந்த தாமுவே வட்டாரம் முழுக்கக் கரண்ட் போய், கீழ்வீட்டு ஜெனரேட்டர் உறுமியது. வேலையிலிருந்து வந்தவன் சட்டையைக்கூட மாற்றவில்லை. காலையில் கொண்டுபோன டிபன் கேரியரை எங்கோ விட்டுவிட்டு வெறுங்கையோடு வந்திருந்தான்.

"போனைக் கொடுங்க. நான் பெரிய ஆளாயிடுவேன்னு வயித்தெரிச்சலா?"

"கன்சல்டிங் வேலைக்கு என்ன குறைச்சல்? ஏசி ரூம்ல உக்காந்து புத்தி சொல்றே. மாசமானா சம்பளம் வருது."

"அதான் குறைச்சல். வருஷக்கணக்கா ஊருக்கெல்லாம் புத்தி சொல்லியாச்சு. ஒரு தடவையாவது நானே செஞ்சு பார்க்க வேணாமா?"

அவளைக் கூப்பிட்டிருந்தது சிங்கப்பூர் முதலீட்டு நிறுவனம் ஒன்று. நொடித்த கம்பெனிகளை வாங்கி, நிமிர்த்தி, லாபத்துக்கு விற்பது அதன் தொழில். பக்கத்து ஊரான தன்லியினில் வாங்கிய சோப்பு ஃபேக்டரிக்கு யோசனை சொல்லப் போன ஜூடித்தையே, அதை ஓட்டிக் காட்டவும் கேட்டது.

"சரி, முதல் வாரத்து வேலைன்னு ஒண்ணு சொன்னியே... அதைச் செஞ்சிடுவியா?"

ஜூடித்தின் குரல் இறங்கியது. அந்த ஒன்றுதான் அவளைத் தூங்கவிடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

"பேக்கிங்ல ஒரு ஆள். சம்பளத்தைக் கூட்டிக் கேளுங்கன்னு எல்லாரையும் கிளப்பி விடறான். அவனை வெளியே அனுப்பணும். அப்படி யோசனை சொன்னதே நான்தான். சொல்றப்ப ஒண்ணும் உறைக்கலே. இப்ப நானே அவன் முகத்தைப் பார்த்து 'போ'ன்னு சொல்லணும்."

"யாரு அவன்?"

"பேரு தெரிஞ்சாத்தானே! ஒவ்வொருத்தரா மாடிக்குக் கூப்பிட்டுக் கேட்டேன். பொண்ணுங்க எல்லாம் சிரிக்குதுங்க, பேரை மட்டும் விடமாட்டேங்குதுங்க. 'கோஜீ'ங்குதுங்க. பர்மியில அண்ணனாம்! இந்த ஊர்ல கோஜீன்னு கூப்பிட்டா பாதி ஆம்பிளை திரும்பிப் பார்ப்பான். நான் போன அன்னிக்குன்னு பார்த்து அந்த மகராசன் லீவு."

தேவராஜ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "அவனுக்கும் ஒரு குடும்பம் இருக்கும் ஜூடி."

"எனக்கு இல்லையா? உங்க கியாக்டடா ஏரியா ஆபீஸை இன்னிக்கு மூடுவானா, நாளைக்கு மூடுவானான்னு கிடக்கு. ரெண்டு பேர்ல ஒருத்தராவது ஊன்றி நிக்க வேணாமா? எனக்கு மட்டும் ஆசையா, ஒருத்தன் சோத்துல மண்ணைப் போட?"

என்ன நினைத்தானோ, தேவராஜ் போனை அவளிடம் நீட்டினான்.

"உன் இஷ்டம்."

ஜூடித் கண்ணை மூடிச் சிலுவை போட்டுக்கொண்டாள். விரல் ஒரு கணம் தயங்கியது. பிறகு அழுத்தியது. பதில் போய்விட்டது.

கதவு தட்டும் சத்தம். போனோடு போய்த் திறந்தாள்.

கன்னத்துத் தனாகா மரப்பட்டைப் பூச்சு வியர்வையில் கலைந்திருக்க, மாடிப்படி ஏறிய மூச்சிரைப்போடு ஒரு பர்மியப் பெண் நின்றாள். அவள் கையில் டிபன் கேரியர். ஜூடித்தின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, வெகுளியாகச் சிரித்தாள்.

"கோஜீ, இதை ஃபேக்டரி பஸ்ஸிலேயே விட்டுட்டீங்களே!"