கண்ணால் கண்ட சாட்சி

"அவன் மேசன் ஜீவராஜ்தான். சத்தியமாச் சொல்றன்," என்றார் காலிதீன்.

பக்கத்து வீட்டுக்காரர். போன மாதம்தான் மேல்மாடி கட்டி முடித்தவர். பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கும் மரைக்கார் முகம்மது தம்பியையும் கையோடு அழைத்து வந்து, றுமைஸாவின் சீதன வீட்டு ஹோலில் உட்கார்ந்திருந்தார்.

றுமைஸா அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எத்தன தரம் கண்டீங்க?" என்று கேட்டார் மரைக்கார்.

"நாலு வெள்ளிக்கிழமை! பின்னேரம் அஸர் தொழுகை முடிஞ்ச கையோட வாறான். பின்வளவுக்குள்ள பூந்து, இந்தப் புள்ளட அறை ஜன்னல்ல கண்ண வெச்சிட்டு நிக்கிறான். முதுகு மட்டுந்தான் எனக்குத் தெரிஞ்சது. ஆனா இந்தப் பின்மதிலுக்குப் பூச்சுப் பூசினவன் அவன்தானே? அடுத்த ஊர் பாண்டிருப்பில இரிந்து வாறவனுக்கு இந்த வளவுட மூலை முடுக்கு வேற எப்படித் தெரியும்?"

காலிதீனின் தர்க்கத்தில் ஓட்டை இருந்தது, குரலில் இல்லை. ஊரில் குரலுக்குத்தான் மதிப்பு.

"சாஜித் தம்பி, வீட்டுக்காரன் நீங்க என்ன சொல்றீங்க?"

றுமைஸாவின் கணவன் சாஜித் தலை குனிந்து தரையைப் பார்த்தான். பதினோராம் வகுப்புக்கே கணிதம் புரிய வைக்கிற வாய் அடைத்துப் போயிருந்தது.

"பாவம், ரோஷத்தில வாய் வருதில்ல," என்றார் காலிதீன். "நீங்க சும்மா இரிங்க தம்பி. பின்னேரம் பொடியன்மாரக் கூட்டிட்டு நான் போறன். கையக் கால முறிச்சுட்டுத்தான் மத்தக் கதை. இனி இந்த ஊர்ல ஒரு கல்லு வெக்கவும் அவனுக்கு வேல கிடைக்கப்படா."

ஜீவராஜுக்கு மூன்று பிள்ளைகள். மதில் பூசிய நாட்களில் றுமைஸா கொடுத்த தேநீரைக்கூடத் தலை நிமிராமல் வாங்கிக் குடித்தவன்.

றுமைஸா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தாள்.

"அது ஜீவராஜ் இல்ல, மரைக்கார். இவர்தான்."

"எவர்?"

"என்ட மாப்பிள்ள."

மரைக்கார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "சொந்த வீட்டு ஜன்னலையா?"

"ஓம். வெளியில நிண்டு, எனக்குத் தெரியாத மாதிரிப் பார்க்கிறது இவருக்கு விருப்பம். தெரியாத மாதிரி இரிக்கிறது எனக்கும் விருப்பம்தான். கலியாணம் முடிச்சு ஒன்பது வருசத்துக்குப் பிறகு, வெக்கத்த விட்டு ஒருநாள் இரிந்து கதைச்சம். சட்டம் எல்லாம் நான் போட்டது. இவர்ட போன் வீட்டுக்குள்ள மேசையில இரிக்கணும். வந்து மெல்லமா சலாம் சொல்லணும். நான் திரைய விலக்கினாத்தான் பார்வை. மூணு சலாத்துக்கும் விலகாட்டி, ஏனெண்டு கேளாமப் போயிடணும். அடுத்த வீட்டு வாசலுக்கு மார்க்கம் சொல்லித் தந்த ஒழுங்குதானே இது? நாங்க ஜன்னலுக்கும் வெச்சுக்கிட்டம். மதில் மறைக்குமெண்டு நம்பி இரிந்தம். புது மாடிய யோசிக்காதது எங்கட பிழை."

"ஓம், நான்தான்," என்றான் சாஜித். இப்போதுதான் அவன் தலை நிமிர்ந்தது.

மரைக்காரின் உதட்டோரம் ஏதோ நெளிந்தது. அதைத் தாடிக்குள் மறைத்துக்கொண்டார்.

"அஸ்தஃபிருல்லாஹ்!" காலிதீன் துள்ளி எழுந்தார். "பொய்! மாப்பிள்ளட மானத்தக் காப்பாத்தவா, மேசனக் காப்பாத்தவா இந்தக் கதை? என்னட்டயா விடுறீங்க? முந்தா வெள்ளி இந்தப் புள்ள பச்சைச் சாரி உடுத்து, முடியை அவிழ்த்துப் போட்டு, அரை மணித்தியாலம் கண்ணாடிக்கு முன்னால நிண்டிச்சு. போன வெள்ளி திரை விலகவே இல்ல. அவன் சும்மா திரும்பிப் போனான். நான் கண் வெட்டாம முழுக்கப் பார்த்துக்கிட்டுத்தானே இரிந்தன்!"

சொல்லி முடித்த பிறகுதான், சொன்னது என்னவென்று அவருக்கே கேட்டது.

மரைக்கார் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, ஜீவராஜின் பேச்சை விட்டுவிட்டு, காலிதீனை உற்றுப் பார்க்கத் தொடங்கினார்.

றுமைஸா, அண்ணனிடம் பேசுகிற மரியாதை குறையாமல் கேட்டாள்:

"இவர் என்னட்டக் கேட்டுத்தான் பார்த்தார், காக்கா. நீங்க அந்த நாலு வெள்ளியும் யாரிட்டக் கேட்டீங்க?"