கழுதை வால்

தையல்காரரான அண்ணனைப் பார்க்க வந்த தங்கை அறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

அண்ணன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இடுப்புக்குப் பின்னால் அளவு நாடா வால் மாதிரித் தொங்கியது. எதிரே ஸ்டூலில் அண்ணி, கையில் சீட்டோடு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அண்ணி இது?"

"வாம்மா. உங்கண்ணன் இன்னிக்குச் சீட்டாட்டத்துல மூணு தடவை கழுதை. அதான் வால்."

பக்கவாதம் வந்து நாலு மாதம். வலது கை விழுந்துவிட்டது. கடையை மூடி, மெஷினையும் ஆளுயரக் கண்ணாடியையும் வீட்டுக்குக் கொண்டுவந்து சுவரோரம் சாத்தியாயிற்று. அப்படிப்பட்ட மனுஷனுக்கு வாலா?

தங்கை அண்ணி தோளுக்குப் பின்னால் போய் நின்றாள்.

அண்ணன் இடது கையால் ஒரு ஸ்பேடை இறக்கினார். அண்ணி கையில் ஸ்பேடு இரண்டு இருந்தது.

"எங்கிட்ட ஸ்பேடே இல்ல. வெட்டு" என்று ஒரு டைமண்டைப் போட்டாள். "எடுங்க. ரெண்டும் உங்களுக்குத்தான்."

அவர் முனகிக்கொண்டே வலது கையை நீட்டினார். விரல் நடுங்கியது. சீட்டு வழுக்கியது. அண்ணி ஒரு கொட்டாவி விட்டாள்.

"இதுக்குள்ள ஒரு எறும்பு கடைக்குப் போயிட்டே வந்திருக்கும்."

தங்கைக்குப் பொறுக்கவில்லை. அண்ணியைச் சமையலறைக்கு இழுத்துப் போனாள்.

"முடியாதவரைப் போய் ஏமாத்துறீங்களே, உங்களுக்கே நல்லா இருக்கா? நாளைக்கே அண்ணனை எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். அங்க யாரும் வால் கட்ட மாட்டாங்க."

அண்ணி அடுப்பைத் தணித்தாள்.

"டாக்டர் ஒரு பந்து குடுத்துப் பிசையச் சொன்னார். ஜன்னல் வழியா எறிஞ்சுட்டார். இனிமே ஊசியா பிடிக்கப் போறேன்னு சுவரைப் பார்த்துப் படுத்துட்டார். நான் வேண்டாத சாமி இல்ல. அப்புறம்தான் சீட்டை எடுத்தேன். வெட்டுப் பட்டா வலது கையாலதான் எடுக்கணும், அதுதான் எங்க சட்டம். நான் பொய் சொல்லலேன்னா அந்தக் கை எப்போ அசையும்?"

தங்கை அண்ணன் இருந்த அறைப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"தெரிஞ்சா ரோஷத்துல ஆட்டத்தையே விட்டுடுவார். அவர்கிட்ட சொல்லிடாதே."

போகும்போது தங்கை அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஒரு ஆட்டமாவது ஜெயிச்சியா, அண்ணா?"

அவர் சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு அந்த வலது கையை மெல்லத் தூக்கி, ஸ்டூலுக்குப் பின்னால் இருந்த ஆளுயரக் கண்ணாடியைக் காட்டினார்.

"அவ சீட்டு மொத்தமும் அதுல தெரியும்."

"அப்புறம் ஏன் தோத்துக்கிட்டே இருக்கே?"

"நான் விழுந்த நாள்லேர்ந்து அவ சிரிக்கவே இல்ல. மொத மொத இந்த வாலைக் கட்டி விட்டப்பதான் சிரிச்சா."

நழுவிய நாடாவை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"அவகிட்ட சொல்லிடாதே."