கவரிங் சேராது

"உங்க வீட்ல யாருக்காவது கவரிங் நகை போட்டா அரிக்குமா?" என்று கேட்டார் டாக்டர் ஷர்மிளா.

நெஞ்சு ஆபரேஷனுக்கும் நகைக்கும் என்ன சம்பந்தம் என்று எத்திராஜுக்கு விளங்கவில்லை. பக்கத்தில் மனைவி ராஜகுமாரி. நடுவில் மகன் பாபு.

பாபுவுக்கு வயது பதினாறு. நடு நெஞ்சு கரண்டி மாதிரி உள்ளே குழிந்திருந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். பெரியபாளையம் கோயிலில் மொட்டை போட்டபோதுகூடச் சட்டையோடுதான் குளித்தான். வரும் வியாழக்கிழமை ஆபரேஷன் என்று முடிவானதிலிருந்து பையனுக்கு நிலைகொள்ளவில்லை.

"நெஞ்சைப் பிளக்க மாட்டோம்," என்றார் டாக்டர். "ரெண்டு பக்கமும் சின்னதா ஓட்டை போட்டு, கேமரால பாத்துகிட்டே, வளைச்ச கம்பி ஒண்ணை எலும்புக்கு அடியில நுழைச்சுத் திருப்புவோம். குழி மேல வந்துடும். கம்பி மூணு வருஷம் உள்ளயே இருக்கணும். அந்த ஸ்டீல்ல நிக்கல் இருக்கு. கவரிங்லயும் அதேதான். அதான் கேக்கறேன்."

"எனக்குச் சேராது மேடம்," என்றாள் ராஜகுமாரி. "கண்ணாலத்துக்கு முன்னாடி ஒரு தபா கவரிங் ஜிமிக்கி போட்டு, காது பன்னு மாதிரி வீங்கிடுச்சி. அதுலேந்து தங்கம்தான்."

எத்திராஜ் சிரித்தார். "எல்லாப் பொம்பளைங்களும் சொல்றதுதான் மேடம். கவரிங் சேராதுன்னு சொன்னாத்தான தங்கம் வரும்."

டாக்டர் சிரிக்கவில்லை. "அம்மாவுக்கு இருந்தா பையனுக்கும் இருக்கலாம். அப்படின்னா வியாழக்கிழமை வேணாம். தோல்ல டெஸ்ட் பண்ணிட்டு, டைட்டானியம் கம்பி வரவழைக்கணும். ஒன்றரை மாசம் ஆகும்."

பாபுவின் முகம் சுருங்கிப்போனது. "அதுக்குள்ள ஸ்கூல் தொறந்துடும் நைனா. ப்ளஸ் டூ. அப்புறம் அடுத்த வருசம்தான்."

"அப்போ எலும்பு இன்னும் கெட்டியாயிடும், உண்மைதான்," என்றார் டாக்டர். "ஆனா சேராத கம்பியை வெச்சா உள்ள புண்ணாகி, பாதியிலயே எடுக்க வேண்டி வரும்."

எத்திராஜ் மனைவி பக்கம் சாய்ந்தார். "ராஜி, நல்லா ரோசனை பண்ணிச் சொல்லு. அது எதுனா பூச்சி கீச்சி கடிச்சிருக்கும்."

"பூச்சிக்கும் ஜிமிக்கிக்கும் வித்தியாசம் தெரியாதவளா நானு?"

அவள் சொல்வது சுத்தப் பொய் என்று எத்திராஜுக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பதைத்தான் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான்.

பாபு சட்டையின் மேல் பித்தானைப் போட்டுக்கொண்டு எழுந்தான். "போலாம்மா," என்றான். குரல் உடைந்திருந்தது. அதைக் கேட்டதும் எத்திராஜுக்கு மனசு தாங்கவில்லை.

"குந்துடா," என்றார். "மேடம், அவளுக்கு ஒண்ணும் ஆவாது. ஆறு மாசமா கவரிங்தான் போட்டுகினு கீறா."

ராஜகுமாரி திரும்பினாள். "இன்னாய்யா சொல்ற?"

"பாடில நான் வேலை செய்யற கம்பெனில ஆர்டர் இல்லன்னு மூணு மாசம் ஊட்ல உக்கார வெச்சாங்களே, அப்ப பாலிஷ் போட்டுத் தரேன்னு உன் கம்மலை வாங்கிகினு போனேன் பாரு. திருப்பிக் குடுத்தது அது இல்ல ராஜி. அச்சா அதே மாதிரி கவரிங்." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "திட்டறதா இருந்தா ஊட்ல போயி திட்டு. இப்ப மேடத்துக்கிட்ட ஒண்ணும் அரிக்கலன்னு சொல்லிடு. புள்ளைக்கு ஆபரேசன் நடக்கட்டும்."

ராஜகுமாரி திட்டவில்லை. காதை மூடியிருந்த முடியை ஒதுக்கி, டாக்டர் பக்கம் திரும்பிக் காட்டினாள். காது மடல் சிவந்து தடித்து, கம்மலைச் சுற்றிப் பொருக்குத் தட்டியிருந்தது.

"ஆறு மாசமா இந்த அரிப்பு மேடம். திருநின்றவூர்ல புது ஊட்டுக்கு வந்தோமே, அந்த போர்வெல் தண்ணிதான் சேரலன்னு நெனச்சிகினு இருந்தேன்," என்றாள்.