வளைவுக்கு அப்பால் நிற்கும் கார்

"டயர் பஞ்சர் அக்கா. நடுரோட்டுல நின்னுடுச்சு. அதான் லேட்டாயிடுச்சு."

கார் சாவியை விரலில் சுழற்றியபடியே அவள் லாயத்தின் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. காரில் வந்தவளுக்கு எதற்கு இப்படி இரைக்கிறது என்று கேட்க அங்கே யாருக்கும் நேரமில்லை. அந்த மட்டும் தப்பித்தாள்.

முதலாளியம்மா முழங்கால்வரை சேறோடு செவலையின் கொட்டடி முன்னால் நின்றிருந்தார். வேறொரு குதிரையின் குளம்பைப் பார்க்க வந்த டாக்டரையும் இழுத்துவந்து பக்கத்தில் நிறுத்தியிருந்தார்.

"டயர் கிடக்கட்டும்மா. செவலை காலைலேர்ந்து தீனியில வாயே வைக்கல. வேர்த்துக் கொட்டுது. ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது."

லாயத்தில் எத்தனை குதிரைகள் இருந்தாலும் அவளுக்குச் செவலைதான் செல்லம். தேய்த்துவிடுவதும் குளிப்பாட்டுவதும் நடத்திக்கொண்டு போவதும் அவள்தான்.

உண்மையில் பஞ்சராக டயர் இல்லை. டயரை மாட்டக் காரும் இல்லை. அதை விற்று வருஷம் ஒன்றாகிறது. வாங்கினவர் கேட்க மறந்த உபரிச் சாவி மட்டும் அலமாரியில் தங்கிவிட்டது. "ஊர்ல எல்லாரும் காரை ஓட்டறாங்க, நீ சாவியை ஓட்டறே" என்று புருஷன் கிண்டல் செய்வான். அவளுக்குச் சிரிப்பே வராது.

சொந்த வண்டி இருந்தால்தான் வேலை என்று விளம்பரத்திலேயே போட்டிருந்தார்கள். குதிரைக்கு ஒன்று என்றால் எந்த நேரமானாலும் ஓடிவர வேண்டுமே! "வண்டி இருக்கில்ல?" என்று முதலாளியம்மா கேட்டபோது, மூளை யோசிப்பதற்குள் தலை ஆடிவிட்டது.

அன்றிலிருந்து தினமும் இரண்டு பஸ். பெரிய வளைவில் இறங்கி, வேலியோரம் சகதியில் நடந்து, புதர் மறைவில் செருப்பைக் கழற்றிப் பைக்குள் திணித்து, நல்ல ஷூவை மாட்டிக்கொண்டு வருவாள். கார் எங்கே என்று யாராவது கேட்டால், "வளைவுக்கு அப்பால மர நிழல்ல விட்டிருக்கேன். சத்தத்துக்குக் குதிரைங்க மிரளுமில்ல?" என்பாள்.

"குதிரைங்க மேல எவ்வளவு அக்கறை பாரு" என்று வைக்கோல்காரர் ஊரெல்லாம் சொல்லிப் பாராட்டினார். அதைக் கேட்கும்போதெல்லாம் அவள் கூனிக் குறுகிப் போனாள்.

காலையில் பஸ் வளைவில் ஹாரன் அடித்து நிற்கும்; அவள் இறங்கும்போதே தூரத்தில் செவலை கனைப்பது கேட்கும். அவள் லாயத்துக்கு வந்து சேர்வதற்குள், முதலாளியம்மா வைத்த தீனியில் பாதி காலியாகியிருக்கும். "நீ லீவு போட்டாக்கூட அந்த நேரத்துக்கு ஒரு கனைப்புக் கனைச்சிட்டுத்தான் தொட்டியில வாய் வைக்குதும்மா" என்று முதலாளியம்மா ஒருமுறை சொன்னார். தன்மேல் அத்தனை பாசமா என்று அவளுக்கு அன்றைக்குத் தலைகால் புரியவில்லை.

இன்று இரண்டாவது பஸ் பாதி வழியில் படுத்துவிட்டது. டிரைவர் கையை விரித்ததும், பின்னால் வந்த பால் வேனில் தொற்றிக்கொண்டு, மீதித் தூரத்தை ஓடியே வந்து சேர்ந்தாள்.

கொட்டடிக்குள் போய்ச் செவலையின் கழுத்தைத் தடவினாள். "என் கண்ணுல்ல, ஒரு வாய் தின்னுடி." செவலை அவள் தோளை மோந்து பார்த்தது. உடனே தலையைத் திருப்பிக் காதுகளை விறைத்துக்கொண்டு வளைவையே பார்த்தது. தொட்டியில் தீனி வைத்தது வைத்தபடி இருந்தது.

டாக்டர் அதன் வயிற்றில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "வயித்து வலியா இருந்தா காத்திருக்கறது ஆபத்து. மூக்கு வழியா குழாய் விட்டுப் பார்த்துடலாம்."

போன முறை குழாய் விட்டபோது மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியதை அவள் மறக்கவில்லை. அந்த அலறலும் காதைவிட்டுப் போகவில்லை.

"கொஞ்சம் பொறுங்க டாக்டர்" என்ற முதலாளியம்மா, ஏனோ அவள் முகத்தைப் பார்த்தார்.

"சரி, நீங்க ரெண்டு பேரும் யோசிச்சுச் சொல்லுங்க. தினமும் நடக்கற ஏதாவது இன்னிக்கு நடக்காம போச்சா? தண்ணியோ, தீனியோ, என்னவா இருந்தாலும் சரி."

செவலை இன்னும் வளைவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அவளுக்குச் சுரீரென்று உறைத்தது. சொன்னால் பொய் வெளுத்துவிடும், வேலையும் போய்விடும். சொல்லாவிட்டால், பாவம், வாயில்லா ஜீவன் அல்லவா துடிக்கும்?

சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தாள். "அந்த டயர் மட்டும் பஞ்சராகலேன்னா..." என்றுதான் வந்தது. சீ, நீயும் ஒரு மனுஷியா என்று உள்ளுக்குள் காறித் துப்பிக்கொண்டாள். தலை நிமிரவில்லை.

டாக்டர் பையிலிருந்து நீளக் குழாயை உருவி எண்ணெய் தடவ ஆரம்பித்தார். முதலாளியம்மா எட்டி அவர் கையைப் பிடித்தார். அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"குழாயைப் பைக்குள்ள வைங்க டாக்டர். இந்தப் பொண்ணு வர்ற பஸ் இன்னிக்கு வரல."